செல்லரித்துப் போச்சு என்று சொல்வதற்கு முன்னால்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, உள்ளே இருந்த மரப்பெட்டியின் மூடியைத் தூக்கியதும் அந்த வீட்டு ஆச்சி சொன்னது இவ்வளவுதான்: "எல்லாம் செல்லரிச்சுப் போச்சு தம்பி, இனிமே பாத்து என்ன செய்ய?" பெட்டிக்குள் ரங்கூன் கடைக் கணக்கு, பேரேடும் சிட்டையுமாக இருபதுக்கு மேல் இருக்கும். மேலே கிடந்ததை எடுத்து விரித்தேன். அட்டையின் முதுகுப் பக்கத்திலிருந்து பழுப்பு மாவு மடியில் கொட்டியது. தாளில் குண்டூசித் தலை அளவுக்கு வட்டமாக ஓட்டை, அதுவும் ஒரு தாளோடு நிற்காமல் அறுபது எழுபது தாளைத் தாண்டிப் போகிறது. ஆனால் மண் இல்லை. செல், அதாவது கரையான், வந்த இடத்தில் மண் இருக்கும், இங்கே ஒரு துளி மண் கிடையாது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், முந்தின வருஷம்தான் கரையானுக்கென்று ஆளைக் கூப்பிட்டு மருந்து இறக்கியிருந்தார்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, அதில் சுவரோரமாக வரிசையாகத் துளை போட்டு மருந்தை ஊற்றிவிட்டு சிமெண்டை வைத்து அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பூப்போட்ட கல்லில் அந்தச் சாம்பல் பொட்டுகள் இன்னும் அப்படியே தெரிகின்றன. மண்ணுக்குள்ளிருந்து ஏறி வருகிற கரையானுக்கு அது சரியான மருந்துதான். புத்தக முதுகுக்குள்ளேயே முட்டையிலிருந்து வெளிவந்து, அங்கேயே பசையைத் தின்று வளர்ந்து, வளர்ந்தபின் துளை போட்டு வெளியே வருகிற வண்டுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. பணம் போனது, கல் போனது, பேரேடும் போய்க்கொண்டிருந்தது.

ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிற பழக்கம் நமக்கு. துணியில் ஓட்டை விழுந்தாலும் செல்லரிச்சது, நிலைக்கதவு உளுத்தாலும் செல்லரிச்சது, ஏடு உதிர்ந்தாலும் அதே. ஆனால் தமிழில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருந்திருக்கிறது: செல், உளு, அந்து, பாச்சை, ராமபாணம். எந்தப் பூச்சி எதைத் தின்னும் என்பது தெரிந்தவர்கள்தான் இத்தனை பெயர் வைத்திருக்க முடியும். இன்றைக்கு அருங்காட்சியகக்காரர்களும் ஆவணக் காப்பகக்காரர்களும் முதலில் செய்கிற வேலையும் அதுதான், அதாவது மருந்தைத் தேடுவதற்கு முன்னால் வந்திருப்பது யார் என்று கண்டுபிடிப்பது. பூச்சியையே பிடித்துப் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை. அது தின்றுவிட்டுப் போன தடமே முக்கால்வாசி சொல்லிவிடும்.

மரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், செட்டிநாடு என்றாலே பர்மாத் தேக்குதான் எல்லோர் வாயிலும் வரும். தேக்கைப் பூச்சி தொடாது என்பது பாதி உண்மை. தேக்கின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையைக் கரையான் லேசில் தொடாது, சரி. வெளிப்புறத்து வெளிறிய பகுதி அப்படி இல்லை, அதில் மாவுச்சத்து உண்டு, அதைத் தேடி வருகிற வண்டுகளும் உண்டு. தூண் முழுக்க வைரமாக இருக்கும். ஆனால் அதே வீட்டில் பின்னால் செய்த அலமாரியின் பின்பலகை, படச்சட்டத்தின் முதுகுப் பலகை, பெட்டியின் அடிப்பலகை எல்லாம் என்ன மரமோ, யார் கண்டது. பூச்சி வருகிற இடம் பெரும்பாலும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத பலகைகள்தான்.

உளுத்த மரத்துக்குக் கீழே கிடக்கிற தூளை விரலால் தொட்டுப் பாருங்கள். முகத்துக்குப் போடுகிற பவுடர் போல வழுவழுவென்று இருந்து, மரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்ட ஓட்டை இருந்தால், அது மாவுச்சத்துக்காக வெளிமரத்தைக் குடைகிற துகள் வண்டு. மூங்கில் கூடை, தட்டி இவற்றிலும் இதன் பங்காளிகள் வந்து இதே மாதிரி மாவைக் கொட்டும். தூளே இல்லாமல், கசகசாவைக் கொட்டி வைத்தது போலக் குட்டிக் குட்டியாக ஒரே அளவில் உருண்டைகள் குவிந்து கிடந்தால், அது வண்டே இல்லை, உலர்மரக் கரையான். மண்ணோடு தொடர்பே இல்லாமல் மரத்துக்குள்ளேயே குடியிருக்கிற வகை இது. அந்தக் கசகசாதான் அதன் எச்சம், பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொன்றும் ஆறு பட்டையாக இருக்கும். ஒரு தடவை பார்த்துவிட்டால் ஜென்மத்துக்கும் மறக்காது. தரைக்கு மருந்து இறக்குவதால் இந்தக் கரையானுக்கும் ஒன்றும் ஆகாது என்பதைக் கவனியுங்கள். நாம் சாதாரணமாகச் செல் என்று சொல்கிற மண் கரையானோ வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வராது, தான் போகிற பாதை முழுக்க மண் குழாய் கட்டிக்கொண்டே போகும். பலகையின் மேல்தோலை மட்டும் விட்டுவிட்டு உள்ளே எல்லாவற்றையும் தின்றிருக்கும். பெட்டி பார்க்க முழுசாக இருக்கும், விரலால் அழுத்தினால் அப்பளம் போல நொறுங்கும்.

இந்த ஓட்டை பழசா புதுசா என்பது அடுத்த கேள்வி. உளுத்த தடம் இருக்கிறது என்பதாலேயே பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது என்று ஆகிவிடாது, ஐம்பது வருஷத்துக்கு முன்னால் வந்து தின்றுவிட்டுப் போனதாகக்கூட இருக்கலாம். புது ஓட்டையின் விளிம்பு கூர்மையாக, உள்ளே மரம் வெளிறித் தெரியும். பழசில் தூசி அடைந்து கறுத்திருக்கும். சந்தேகமாக இருந்தால் பொருளைச் சுத்தமாகத் துடைத்து, அடியில் கருப்புச் சார்ட் தாளை விரித்து, தேதியை எழுதி, ஒரு மாதம் அசைக்காமல் விட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது கருப்புத் தாளில் வெள்ளை மாவு விழுந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. பத்து ரூபாய்த் தாள் சொல்கிற இந்தச் சேதியை, கேட்காமலே மருந்தடிக்கிறவர்கள்தான் அதிகம்.

காகிதத்துக்கும் ஏட்டுக்கும் வருவோம். ராமபாணம் என்ற பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏழு மராமரங்களை ஒரே அம்பு துளைத்துக்கொண்டு போன கதையிலிருந்துதான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன், ஓலைக்கட்டை அவிழ்த்து அந்தத் துளையைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க்காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பெயரைச் சிலர் துளைக்கிற வண்டுக்கும் சிலர் வெள்ளியாக மின்னிக்கொண்டு ஓடுகிற பூச்சிக்கும் சொல்கிறார்கள். இரண்டும் செய்கிற வேலை வேறு. வெள்ளிப்பூச்சிக்குச் சிறகு கிடையாது, வால் பக்கம் மூன்று நீள முடி, ஒரு சென்டிமீட்டர் சொச்சம் நீளம். அது துளைக்காது, மேய்கிறது. தாளின் மேற்பரப்பைச் சுரண்டிச் சுரண்டித் தின்று, கடைசியில் தாள் மெலிந்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒழுங்கில்லாத தீவுகளாகத் தெரியும். ஓரங்கள் பிய்ந்த மாதிரி இருக்கும். பசை, கஞ்சி, தாளுக்குப் போட்ட மெருகு என்று மாவுச்சத்து எங்கே இருந்தாலும் வரும். வளவில் மாட்டியிருக்கிற பழைய ரவிவர்மா அச்சுப்படங்களில் சரஸ்வதியின் சேலையில் வெள்ளைத் திட்டு தெரிந்தால், கண்ணாடிக்குள்ளே இது புகுந்து மேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கஞ்சி போட்டு மடித்து வைத்த கண்டாங்கிச் சேலையையும் விடாது, கஞ்சியோடு சேர்த்துப் பருத்தியையும் கடித்துவிடும். சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மூன்று வருஷத்துக்கு மேல் வாழும். சாதாரண வெள்ளிப்பூச்சி ஈரம் இருந்தால்தான் பெருகும். நீள வால்கள் கொண்ட சாம்பல் நிற வகையோ நம் ஊர் வறண்ட அறையிலும் சமாளித்துக்கொள்கிறது.

துளைக்கிறது வேறு கூட்டம். ஆச்சி வீட்டுப் பேரேட்டைத் தின்றது இதில் ஒன்று. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் செம்பழுப்பு வண்டு, கூன் போட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும், தொட்டால் செத்த மாதிரி நடிக்கும். இதில் நாம் அடிக்கடி சந்திப்பது இரண்டு, சிகரெட் வண்டு ஒன்று, மருந்துக்கடை வண்டு ஒன்று. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், புகையிலையையும் மருந்துச் சரக்கையும் மட்டுமல்ல, மல்லி, மிளகாய், மஞ்சள், பருப்பு, மாவு, உலர்ந்த பூ, மாவுப்பசை போட்ட புத்தகம் எல்லாமே இதற்குச் சாப்பாடு. இரண்டையும் பிரித்தறிய மீசையைப் பார்க்க வேண்டும். சிகரெட் வண்டின் மீசை ரம்பப் பல் மாதிரி, சிறகு மூடி வழவழப்பாக இருக்கும். மருந்துக்கடை வண்டின் மீசை நுனியில் மூன்று கணு பெருத்திருக்கும், சிறகு மூடியில் நீளவாக்கில் கோடு கோடாக ஓடும். ஃபோன் கேமராவுக்கு மேல் வைக்கிற குட்டி லென்ஸ் இருந்தால் போதும். இது என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம், ஆனால் பொறியில் வைக்கிற வாசனைக் குளிகை ஒன்றுக்கு ஒன்று செல்லாது, அதனால் தெரிந்துகொள்வது நல்லது. இவை தவிர ஏட்டையும் புத்தகத்தையுமே பிழைப்பாக வைத்துக்கொண்ட வண்டும் நம் நாட்டில் உண்டு. ஓலைக்கட்டின் குறுக்கே ராமபாணம் பாய்ந்த மாதிரி சுரங்கம் போவது பெரும்பாலும் அதன் வேலை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. பூச்சிக் கண்காணிப்பு பற்றிக் கிடைக்கிற கையேடுகள் பெரும்பாலும் குளிர் நாட்டில் எழுதியவை. அங்கே மரத்தைக் குடைகிற சாதாரண வண்டு ஒன்று முட்டையிலிருந்து வெளியே வர மூன்று நான்கு வருஷம் எடுத்துக்கொள்கிறது, அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். காரைக்குடி வெயிலில் சிகரெட் வண்டுக்கு ஒன்றரை இரண்டு மாதம் போதும், ஒரு தலைமுறை முடிந்துவிடும். மூன்று மாதம் கழித்துப் போனால் பேரனைப் பார்க்கலாம். இங்கே மாதம் ஒருமுறையாவது பார்த்தே ஆக வேண்டும், ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் அடிக்கடி.

துணி, கம்பளம், தோல், இறகு இதெல்லாம் வேறு கதை. பருத்தியைத் தின்கிறவை மாவுச்சத்துக்கு வருகின்றன, பட்டையும் கம்பளியையும் தின்கிறவை புரதத்துக்கு வருகின்றன. அந்து என்று நாம் சொல்கிற துணிப்பூச்சியில் பறக்கிறது ஒன்றுமே தின்னாது, தின்பதெல்லாம் புழுதான். அது வெளிச்சத்துக்கு வராமல் மடிப்புக்குள் நூல் கூடு கட்டிக்கொண்டு தின்னும். சுவரில் பூசணி விதை போல ஒட்டிக்கொண்டு, யாரும் பார்க்காதபோது நகர்கிற ஒரு சாம்பல் உறையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், அதற்குள் இருப்பதும் இந்த அந்து வகையறாதான். இன்னொன்று கம்பள வண்டு. வளர்ந்த வண்டு பொட்டு மாதிரி உருண்டையாக, பூவில் மகரந்தம் தின்றுகொண்டு சாதுவாக இருக்கும், ஜன்னல் கட்டையில் செத்துக் கிடக்கும். அதன் புழுதான் உடம்பெல்லாம் முடியோடு கம்பளத்தையும் பட்டையும் மொட்டையடிக்கும். அது உரித்துப் போட்ட சட்டை, மயிர் முளைத்த உமி மாதிரி, பெட்டி மூலையில் கிடக்கும். உரித்த சட்டை நிறையக் கிடந்தால் பத்து புழு என்று எண்ண வேண்டாம், ஒரே புழு பல தடவை சட்டை மாற்றியிருக்கும்.

இந்தக் கம்பள வண்டு எங்கிருந்து வருகிறது என்று தேடினால் பெரும்பாலும் தலைக்கு மேலே பார்க்க வேண்டியிருக்கும். மெத்தையில், அதாவது மாடியில், ஜன்னல் கண்ணாடி உடைந்து பல வருஷமாகி, புறா குடியேறியிருக்கும். புறாக்கூட்டில் இறகு, எச்சம், செத்த குஞ்சு, எல்லாம் புரதம். அங்கே பெருகியது கூடு காலியானதும் கீழே இறங்கும். குளவிக்கூடும் அப்படித்தான். படச்சட்டத்துக்குப் பின்னால் மண் கூடு கட்டுகிற குளவி தன் குஞ்சுக்காகச் சிலந்தியையோ புழுவையோ உள்ளே வைத்து அடைக்கிறது. மிச்சம் மீதியைத் தின்ன இந்த வண்டு வருகிறது, வந்தது படத்தை ஒட்டிய பட்டுத் துணியையும் ருசி பார்க்கிறது. குழந்தை உண்டாகும், நல்ல சகுனம் என்று குளவிக்கூட்டைக் கலைக்கக் கூடாது என்பார்கள். கலைக்காதீர்கள், காலியான பிறகு எடுத்துவிடுங்கள் என்று நான் சமாதானம் பேசுவது வழக்கம்.

புத்தகப் பேன் என்று ஒன்று உண்டு, வெளிறிய நிறம், ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், பழைய புத்தகத்தைத் திறந்தால் குறுக்கே ஓடும். இது செய்கிற சேதம் கொஞ்சம். ஆனால் இது பூஞ்சணத்தைத் தின்று வாழ்கிறது. அதனால் இதைக் கண்டால் அறையில் ஈரம் இருக்கிறது என்று புரிந்துகொண்டு, ஓடு எங்கே விலகியிருக்கிறது, முற்றத்துத் தகரக் குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்கப் போக வேண்டும்.

இவ்வளவும் சொன்னது அடையாளம் காண்பதைப் பற்றி. கண்காணிப்பு என்று வரும்போது செட்டிநாட்டுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த வீடுகளில் இதற்கென்று யாரும் எதுவும் செய்யவில்லை, ஆனாலும் வேலை நடந்தது. கல்யாணம், சாந்தி, படைப்பு, கோயில் காரியம் என்று வருஷத்தில் நாலு தடவையாவது பெட்டகம் திறக்கும். வெள்ளிச் சாமான், பட்டு, சமுக்காளம் எல்லாம் வெளியே வரும். எண்ணி எடுத்து எண்ணி வைப்பார்கள், பெட்டியின் அடி தெரியும், மாவு கொட்டியிருந்தால் அன்றைக்கே தெரியும். கணக்கு ஏட்டைப் புரட்ட ஆள் இருந்தது. அந்த எண்ணிக்கையும் புரட்டலும்தான் கண்காணிப்பாக இருந்திருக்கிறது. இன்றைக்கு வீடு பூட்டிக் கிடக்கிறது. அதுவும் ஒரு பூட்டு அல்ல, ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை, ஒவ்வோர் அறைக்கும் ஒரு பூட்டு, ஒரு சாவி சென்னையில், ஒன்று கோலாலம்பூரில், ஒன்று யாரிடம் என்றே தெரியவில்லை. பங்காளிகள் அறைக்கு அறை பூட்டிக்கொள்ளலாம், வண்டுக்கு நிலைக்கதவின் அடியில் அரை அங்குல இடைவெளி இருக்கிறது. ஒருவர் தன் அறையைப் பளிங்காக வைத்துக்கொண்டு புலம்புவதையும் பார்த்திருக்கிறேன், சேதம் பக்கத்து அறையில் பிறந்து வந்துகொண்டிருந்தது. பூச்சி பெருக வெளிச்சமில்லாத, யாரும் அசைக்காத, துடைக்காத இடம் வேண்டும். பூட்டிய வீடு அதைத் தாராளமாகக் கொடுக்கிறது.

கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தன் வீட்டில் சேர்த்து வைத்த பழைய தமிழ்ப் புத்தகங்களும் பத்திரிகைகளும் அவர் 1992இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆகி, இன்றைக்கும் படிக்கக் கிடைக்கின்றன. எல்லா வீட்டுக்கும் அப்படி ஒரு வழி கிடைக்காது. மிச்சமிருக்கிற பெட்டிகளை அந்தந்த வீட்டுக்காரர்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு ஆகிற செலவு நினைக்கிற அளவு இல்லை.

பசை அட்டைதான் முக்கியக் கருவி. எலிக்கு வைக்கிற பெரிய பசைத் தட்டு வேண்டாம், பூச்சிக்கென்று கூடாரம் போல மடிக்கிற சின்ன அட்டை ஆன்லைனில் கிடைக்கிறது. அதைச் சுவரோரமாகத் தரையோடு ஒட்டி வைக்க வேண்டும், ஏனென்றால் ஊர்கிற பூச்சி நடு அறையில் போகாது, ஓரம் பிடித்துத்தான் போகும். கதவுக்கு உள்பக்கம் ஒன்று, மூலையில் ஒன்று, அலமாரிக்கு அடியில் ஒன்று, அடுப்படிக்குப் போகிற வழியில் ஒன்று. ஒவ்வொன்றின் மேலும் எண், வைத்த தேதி. வீட்டின் படத்தை ஒரு தாளில் கோட்டுச் சித்திரமாகப் போட்டு எந்த எண் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் இரண்டாம் மாதம் ஏழாம் எண் எங்கே என்று தேடுவீர்கள், நான் தேடியிருக்கிறேன். பல்லி ஒட்டிக்கொள்ளும், அது ஒரு பாவம். அட்டையை அலமாரிக்கு அடியில் தள்ளி வைத்தால் குறையும், ஒட்டிவிட்டால் தேங்காய் எண்ணெய் விட்டு மெதுவாக விடுவிக்கலாம். எடுக்காமல் விட்டால் செத்த பல்லியைத் தின்னவே கம்பள வண்டு வரும்.

அட்டை பூச்சியை ஒழிப்பதற்கு அல்ல என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. "எட்டு வச்சோம், நாலுதான் மாட்டிச்சு, பிரயோசனம் இல்ல" என்பார்கள். அந்த நாலு எந்த அட்டையில், எந்த மாதத்தில், என்ன பூச்சி, புழுவா வண்டா என்பதுதான் பிரயோசனம். வளர்ந்த வண்டு ஒன்று ஜன்னல் பக்கத்து அட்டையில் இருந்தால் வெளியிலிருந்து பறந்து வந்திருக்கலாம். புழு இருந்தால் அது அறைக்குள்ளேயேதான் பிறந்திருக்கிறது. எறும்பும் கொசுவும் மாட்டினால் எண்ண வேண்டாம், ஆனால் திடீரென்று நிறைய வந்தால் கதவு ஜன்னலில் புது ஓட்டை விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுமே மாட்டவில்லை என்றாலும் பூஜ்யம் என்று எழுதத்தான் வேண்டும், அடுத்த மாதம் மூன்று வரும்போதுதான் அந்தப் பூஜ்யத்தின் அருமை தெரியும். ஐரோப்பாவில் அருங்காட்சியகப் பூச்சி மேலாண்மைக்கென்றே 2016இல் ஒரு தர விதி கொண்டுவந்திருக்கிறார்கள். அதன் அடிப்படையும் பார்ப்பது, எழுதிவைப்பது, வராமல் தடுப்பது, மருந்தைக் கடைசிக்குத் தள்ளுவது என்று இதேதான்.

மருந்து என்றதும் நம் பாட்டிமார் முறைகளைக் கேட்பார்கள். வசம்பு நல்ல சரக்கு, வசம்பும் கருஞ்சீரகமும் கிராம்பும் மிளகும் பட்டையும் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கிற வழக்கம் தஞ்சை சரஸ்வதி மகாலில் உண்டு. ஆனால் அது வாசனை இருக்கிறவரைக்கும்தான், சில மாதத்தில் மாற்ற வேண்டும். ஏற்கெனவே முதுகுக்குள் இருக்கிற புழுவை அந்த வாசனை வெளியே கூப்பிடாது. பத்து வருஷத்துக்கு முன்னால் வைத்த முடிச்சைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வண்டு குடியிருந்ததும் உண்டு. மஞ்சள் துண்டைப் போட்டு வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சிகரெட் வண்டுக்கு மஞ்சள் விருந்துச் சாப்பாடு. அந்துருண்டை எனக்குப் பிடிக்காது. மூடிய பெட்டியில் புழுக்களைக் கொல்லும் அளவுக்கு வைத்தால் திறக்கிற ஆளுக்கும் கெடுதல், சில குழந்தைகளுக்கு ரத்த அணுவே உடையும். கொஞ்சமாக வைத்தால் நாற்றம் மட்டும் மிஞ்சும். நெல்லுக்குப் போடுகிற மாத்திரையை வீட்டுக்குள் பெட்டியில் போடுகிற துணிச்சல்காரர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அதிலிருந்து வருகிற வாயு ஆளைக் கொல்லும், செம்பையும் பித்தளையையும் கூட அரிக்கும். பாடம்செய்த மான் தலை, புலித் தோல் பழசாக இருந்தால் கையுறை போட்டுத் தொடுங்கள், அந்தக் காலத்தில் ஆர்செனிக் தடவித்தான் பதப்படுத்துவார்கள்.

வெயிலில் காயப்போடுவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. பாயில் விரித்த சமுக்காளத்துக்கு நல்லது, புழு சூடு தாங்காது, உதறினால் முட்டையும் போகும். ஓலைக்கும் சாயம் போட்ட பட்டுக்கும் நேர் வெயில் ஆகாது, ஓலை முறுக்கிக்கொண்டு வெடிக்கும்.

பூச்சி இருப்பது உறுதியான பேரேடு, துணி, கம்பளி போன்றவற்றுக்கு இன்றைக்கு நான் சொல்வது குளிர்ப்பெட்டிதான். பொருளைப் பாலிதீன் உறையில் காற்றை அழுத்தி எடுத்து, டேப் போட்டு மூடி, மைனஸ் 18, 20 டிகிரி போகிற டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைப்பது. வெளியே எடுத்ததும் ஆசைப்பட்டுப் பிரிக்கக் கூடாது, ஒரு நாள் முழுக்க உறையோடு விட்டு அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் பொருள் மேலேயே வேர்த்துக்கொள்ளும். தஞ்சாவூர் ஓவியம், எண்ணெய் ஓவியம், தந்தம், அரக்கு வேலை இவற்றை ஃப்ரீசருக்குள் விடவே கூடாது, ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு அளவில் சுருங்கிப் பெயர்ந்துவிடும். அவற்றுக்கு ஆக்சிஜனை உறிஞ்சுகிற பொட்டலத்தோடு காற்றுப் புகாத உறையில் வாரக்கணக்கில் வைக்கிற முறை இருக்கிறது, அதைத் தெரிந்தவர்களை வைத்துச் செய்ய வேண்டும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930இலிருந்தே பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருக்கிறது, கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வாங்கி வருகிறவர்களும் அதை நேராக வளவுக்குள் கொண்டுபோகாமல், முகப்பிலேயே ஒரு மாதம் கருப்புத் தாள் மேல் நிறுத்தி வைத்துவிட்டுப் பிறகு உள்ளே சேர்க்கலாம்.

ஆச்சி வீட்டில் பேரேடுகளை நாலு தவணையாக ஃப்ரீசரில் வைத்து எடுத்தோம். ஐஸ்கிரீம் வைக்கிற பெட்டி, தெரிந்த கடைக்காரரிடம் இரவல். அதோடு எட்டு அட்டையும் வைத்தோம். முதல் மாதம் பேரேடு இருந்த அறையில் இரண்டு வண்டு, வளவில் ஒன்று, இரண்டாங்கட்டுக்குப் போகிற வழியில் பதினொன்று. எனக்கு அறையின் மேல்தான் சந்தேகம், எண்ணிக்கை வேறு திசையைக் காட்டியது. அட்டையை இன்னும் உள்ளே தள்ளி அடுப்படிப் பக்கத்துச் சாமான் அறையின் வாசலில் வைத்தபோது, மறு மாதம் எண்ணவே முடியவில்லை. ஆச்சி சாவி தேடித் திறந்தார்கள். உள்ளே ஏதோ ஒரு கல்யாணத்துக்கு வாங்கி மிச்சமான மல்லி மூட்டையும் விரலி மஞ்சளும், கயிறு போட்டுக் கட்டியபடி. மூட்டையைத் தொட்டதும் சாக்கு மட்டும் கையோடு வந்தது.

"இது சின்னவ கல்யாணத்துக்கு எடுத்தது தம்பி. அவ மகனுக்கே இப்ப பொண்ணு பாக்குறோம்" என்றார்கள் ஆச்சி.

மூட்டையைத் தோட்டத்தில் போட்டு எரித்து, அறையை மூலை முடுக்கெல்லாம் உறிஞ்சு எந்திரம் வைத்து எடுத்த பிறகு வழியில் இருந்த அட்டையில் ஐந்து, அப்புறம் ஒன்று, போன மாதம் பூஜ்யம். நோட்டு இப்போது ஆச்சி கையில்தான் இருக்கிறது, அவர்களே எழுதி ஃபோனில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். நேற்று வந்த படத்தில் மெத்தைப் படிக்குக் கீழே வைத்த மூன்றாம் எண் அட்டை, அதில் முடி முளைத்த புழு ஒன்று. கீழே ஆச்சியின் கையெழுத்து: "இது வேற ஆளு. மேல புறா சத்தம் கேக்குது."